வீட்டு வாசலிலிருந்து பழநிக்கு நடை: எத்தனை நாள் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசத்துக்கு மாலை போட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை நாள் லீவு போடணும்?" என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் நாலு நாள் என்பார், குழுவில் மூன்று என்பார்கள், போன வருடம் போனவர் ஐந்துக்கும் மேலே ஆச்சு என்பார். மூன்று பேர் சொல்வதும் அவரவர் காலுக்குச் சரி. உங்கள் காலுக்கு எத்தனை என்று கணக்குப் போடும் வழி இங்கே. உதாரணத்துக்குக் கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழநி போகும் பாதையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஊரிலிருந்து பழநி எத்தனை கிலோமீட்டர்?

சாலை வழியாகச் சுமாராக இப்படி: திண்டுக்கல் 60, கோவை 105, ஈரோடு 115, மதுரை 120, திருச்சி 160, காரைக்குடி 160. பாதை மாறினால் ஐந்து பத்து கூடும், குறையும்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. ஊருக்கு ஊர் தூரம் என்பது ஊரின் நடுவிலிருந்து அளப்பது. நீங்கள் கிளம்புவது வீட்டிலிருந்து. கோவையின் வடக்குப் புறநகரில் வீடு என்றால் உக்கடம் தாண்டவே 10 கிலோமீட்டர் போய்விடும். அதுவும் சிக்னல், பஸ் நெரிசல், வழியனுப்ப வந்தவர்கள் என்று மூன்றரை மணி நேரம் தின்னும் 10 கிலோமீட்டர். அந்தப் பக்கம் பழநி பஸ் நிலையத்திலிருந்து அடிவாரம், கிரிவலம், படி எல்லாம் சேர்த்தால் இன்னும் 3 அல்லது 4. ஆக 105 என்று நினைத்தது 118 ஆகிவிடும். கூடிய அந்த 13, உங்கள் ஒரு வேளை நடை.

கூகுள் மேப் நடைக்கு நேரம் காட்டுகிறதே, அது போதாதா?

தூரத்துக்குப் போதும், நேரத்துக்குப் போதாது. அது ஏறத்தாழ மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஓய்வே இல்லாமல் காட்டுகிறது. 118 கிலோமீட்டருக்கு 24 மணி நேரம் என்று வரும். அதைப் பார்த்துவிட்டு "இரண்டே நாள்தான்" என்று கிளம்பியவர்கள் கிணத்துக்கடவிலேயே கணக்கை மாற்றுவார்கள்.

இன்னொன்று, நடை என்று தேர்ந்தெடுத்தால் அது குறுக்குவழி தேடித் தோட்டத்து வழியாகவும் வாய்க்கால் கரையாகவும் காட்டும். வேலி போட்டிருக்கும், நாய் இருக்கும், விடியும் முன் அங்கே போவது நல்லதல்ல. கார் பாதையைத் தேர்ந்தெடுத்து அதன் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வேகம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாலையோரக் கிலோமீட்டர் கல்லை விட நல்ல கருவி கிடையாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. ஒரு கல்லைத் தாண்டும்போது மணி பாருங்கள், அடுத்த கல்லில் மறுபடி பாருங்கள். 12 நிமிடம் என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர், 15 நிமிடம் என்றால் 4, 20 நிமிடம் என்றால் 3. நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்களும் பல சாலைகளில் உண்டு. ஒரு சின்னக் கல்லுக்கு 3 நிமிடம் என்றால் 4 கிலோமீட்டர் வேகம். பெரும்பாலோருக்கு நல்ல சாலையில், கால் தெம்பாக இருக்கும்போது ஒரு கிலோமீட்டருக்கு 13 முதல் 15 நிமிடம் ஆகும்.

ஆனால் ஒரு நாள் அளந்த வேகம் ஏமாற்றும். விரத நாட்களில் ஒரு வாரக் கடைசியை இதற்கென்று ஒதுக்குங்கள். சனிக்கிழமை 18 முதல் 20 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே 18 முதல் 20. வெறுங்காலோடு யாத்திரை என்றால் வெறுங்காலோடு, பை சுமப்பீர்கள் என்றால் அதே பையோடு. சனிக்கிழமை வேகத்தை மறந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேகம்தான் உங்கள் வேகம். பழநி வரை உங்களைக் கொண்டுபோகப் போவது ஞாயிற்றுக்கிழமைக் கால்தான்.

கைப்பேசியின் அடி எண்ணிக்கையை நம்ப வேண்டாம். டீக்கடையில் நிற்பது, பந்தலில் சுற்றுவது எல்லாவற்றையும் அது நடையில் சேர்த்துவிடும்.

ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

முதல் நாளுக்குச் சரி. எல்லா நாளுக்கும் 30 என்பது பழகிய காலுக்குத்தான்.

கணக்கைக் கெடுப்பது வேகமல்ல, நிற்பது. ஒரு வேளை நடையைப் பிரித்துப் பாருங்கள். காலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணி வரை, 5 மணி நேரம், அதாவது 300 நிமிடம். டிபனுக்கு 30 நிமிடம் போனால் 270. மணிக்கு 10 நிமிடம் உட்கார்ந்தால் நடப்பது 225 நிமிடம். கிலோமீட்டருக்கு 14 நிமிடம் என்று வைத்தால் 16 கிலோமீட்டர். அதாவது 4 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நடக்கிற ஆள், நின்றதையும் சேர்த்தால் மணிக்கு 3.2 கிலோமீட்டர்தான் போகிறார். சாயங்காலம் 4 மணி நேரம் நடந்தால் இன்னும் 12 சொச்சம். ஆக 28.

இதற்கு மேலே வேண்டும் என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், நிற்பதைக் குறையுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகம் கூட்டினால் நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் கிடைக்கும், கூடவே கொப்புளமும் கிடைக்கும். டிபனையும் டீயையும் சேர்த்து அரை மணி நேரம் மிச்சம் பிடித்தால் அதே இரண்டு கிலோமீட்டர் கொப்புளம் இல்லாமல் கிடைக்கும்.

கோவையிலிருந்து ஒரு முழுக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

வீட்டிலிருந்து மொத்தம் 118 கிலோமீட்டர். நாற்பது வயது, ஓரளவு பழகியவர், வெறுங்கால், துணிமணி டெம்போவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் 28. வீட்டிலிருந்து உக்கடம், சுந்தராபுரம், மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம். ராத்தங்கல் கிணத்துக்கடவுக்குச் சற்று முன்னால் விழும். வேலாயுதசுவாமி குன்று கண்ணுக்குத் தெரிகிறதே என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் இழுக்கத் தோன்றும். அந்த ஐந்துதான் மறுநாள் பத்தைத் தின்கிறது.

இரண்டாம் நாள் 22. வேகம் கிலோமீட்டருக்கு 16, 17 நிமிடமாக இறங்கும். 10 நிமிட ஓய்வு 15 ஆகும். காலை 12, மாலை 10. பொள்ளாச்சியை ஒட்டித் தங்கல்.

மூன்றாம் நாள் 23. பொள்ளாச்சி தாண்டி கோமங்கலம், அதற்கு அப்பால். சாலை நேர்க்கோடாகப் போகும், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தூரம் குறைவதே தெரியாது. மனம் சோர்வது இங்கேதான்.

நான்காம் நாள் 25. உடம்பு பழகியிருக்கும், உடுமலை தாண்டி மடத்துக்குளம் பக்கம் வந்துவிடலாம்.

கூட்டிப் பாருங்கள்: 98. மீதி 20. ஐந்தாம் நாள் காலை 12, மாலை 8. அடிவாரம் சேரும்போது இருட்டிவிடும், தரிசனம் ஆறாம் நாள் காலை. 118-ஐ 30-ஆல் வகுத்து நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தவருக்கு, திரும்பும் பயணத்தையும் சேர்த்தால் ஏழு நாள் வேண்டும்.

இதே தூரத்தை மூன்றரை நாளில் முடிப்பவர்கள் நிறைய உண்டு. அவர்கள் இராப்பகலாக நடப்பவர்கள், அல்லது வருடம் தவறாமல் இருபது வருடமாக நடப்பவர்கள். அவர்கள் சொல்கிற நாள் எண்ணிக்கையைக் கேட்கும்போது அவர்கள் உள்ளங்காலையும் ஒரு முறை பாருங்கள்.

இரண்டாம் நாள் ஏன் இவ்வளவு விழுகிறது?

மூன்று காரணம். முதலாவது தசை வலி. பழக்கமில்லாத வேலை கொடுத்த தசை அன்றே வலிப்பதில்லை, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் போகும். முதல் நாள் ராத்திரி "ஒன்றும் தெரியவில்லையே" என்று படுப்பவர், விடிகாலை எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது தெரிந்துகொள்வார். இரண்டாவது கொப்புளம். முதல் நாள் சூடும் உரசலும் ஈரமும் சேர்ந்து தோலின் மேலடுக்கைப் பிரித்துவிடும், நீர் கோத்து அது எழும்பி நிற்பது மறுநாள். மூன்றாவது தூக்கம். பழக்கமில்லாத இடம், ஸ்பீக்கர் பாட்டு, கொசு. நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

இதனால்தான் முதல் நாளை அளவோடு நிறுத்தச் சொல்கிறோம். முதல் நாள் 35 போனவர் மறுநாள் 15 போவார். 28 போனவர் 22 போவார். கூட்டினால் இரண்டும் 50 தான், ஆனால் மூன்றாம் நாள் நடப்பதற்குக் கால் மிச்சம் இருப்பது இரண்டாமவருக்கு.

கொப்புளம் வந்துவிட்டது. கணக்கில் எவ்வளவு கழிக்க வேண்டும்?

சின்னது என்றால் எதுவும் வேண்டாம். குதிகாலிலோ விரலடியிலோ பெரிதாக வந்தால், அன்றைக்கு நாலில் ஒரு பங்கு கழியுங்கள். வலிக்கு பயந்து பாதத்தின் ஓரத்தில் மிதித்து நடப்போம், அது கணுக்காலையும் முட்டியையும் இழுக்கும். கொப்புளம் நிறுத்தியதை விட அந்தக் கோணல் நடை நிறுத்தியது அதிகம்.

நடக்க முடியாத அளவுக்குப் புடைத்திருந்தால் மட்டும் நீரை எடுங்கள். கால் கழுவி, ஸ்பிரிட் தொட்ட சுத்தமான ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் இரண்டு இடம் குத்தி, மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றி, தோலை உரிக்காமல் அப்படியே படியவிட்டு, மருந்து தடவிப் பிளாஸ்திரி போட வேண்டும். தோலைக் கிழித்தெறிவது பெரிய தப்பு. உள்ளே இருப்பது பச்சைச் சதை, தார் ரோட்டில் அதோடு ஒரு கிலோமீட்டர் கூடப் போக முடியாது. சிவந்து பரவினாலோ சீழ் கண்டாலோ மருத்துவ முகாமுக்குப் போங்கள்.

தொடை உரசலையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நடப்பவர்களுக்கு இது நிச்சயம். கிளம்பும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி, உள்ளே உலர்ந்த அரைக்கால் டிராயர் போட்டால் வராது.

செருப்புப் போட்டால் சீக்கிரம் போகலாமா?

வேகம் பெரிதாக மாறாது. மாறுவது நடக்கக் கிடைக்கும் நேரம். தை மாத வெயில்தானே என்று நினைக்கலாம். ஆனால் வெயில் குடித்த தார், காற்றை விட மிக அதிகமாகச் சுடும். 11 மணிக்கு மேல் வெறுங்காலோடு நடப்பவர்களைக் கவனியுங்கள், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகச் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் போய்க்கொண்டிருப்பார்கள், கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. வெள்ளைப் பெயிண்ட் சூட்டை அவ்வளவாக இழுக்காது. அந்த அரையடிப் பட்டையில்தான் பகல் யாத்திரை நடக்கிறது. கோடு அழிந்த இடத்தில் வேகமும் அழியும்.

வெறுங்கால் என்றால் பகல் 11 முதல் 3.30 வரை நடை இல்லை என்று கணக்கில் எழுதிவிடுங்கள். செருப்போடு என்றால் 12 வரை போகலாம், 3 மணிக்கே கிளம்பலாம், நாளுக்கு 4 கிலோமீட்டர் கூடும். ஆனால் புதுச் செருப்பு வேண்டாம். வெறுங்கால் வேண்டுதல் என்றால் மாலை போட்ட நாளிலிருந்தே காலை ஒரு மணி நேரம் மண்ணிலும் பிறகு தாரிலும் நடந்து தோலைத் தடிக்க விடுங்கள். கடைசி வாரத்தில் தொடங்கினால் அந்தக் கொப்புளத்தோடுதான் யாத்திரை தொடங்கும்.

எந்த நேரத்தில் நடப்பது நல்லது? இராத்திரி நடந்தால் நாள் குறையுமா?

தை மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் 6.40 மணியை ஒட்டி உதிக்கிறது, 6.20-ஐ ஒட்டி மறைகிறது. விடிகாலை 4 மணியிலிருந்து 9 வரைதான் பொன்னான நேரம். பனி இருக்கும், கால் சுடாது, லாரிகள் குறைவு. நாளின் பாதித் தூரத்தை டிபனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

முழு இரவும் நடந்தால் நாள் குறையும், ஆபத்தும் கூடும். வண்டி ஓட்டுகிறவருக்கும் தூக்கம், நடக்கிறவருக்கும் தூக்கம். இருட்டில் நடந்தே ஆக வேண்டும் என்றால் வலது பக்கம், எதிரே வண்டி வருவது தெரியும்படி, ஒற்றை வரிசையில் போங்கள். முதுகிலும் பையிலும் மின்னும் ஸ்டிக்கர், முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச். காவி, பச்சை வேட்டி எல்லாம் இருட்டில் கறுப்புத்தான்.

வலது ஓரத்திலேயே நாள் முழுக்க நடந்தால் ஒரு சங்கடம் உண்டு. மழைநீர் வடியச் சாலை ஓரமாகச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வாக மிதிக்கும், மூன்றாம் நாள் ஒரு முட்டி மட்டும் வலிக்கும். தார் ஓரத்தை ஒட்டிய மண் தடம் சமமாக இருக்கும் இடங்களில் இறங்கி நடந்தால் கொஞ்சம் தேவலை. திண்டுக்கல் பக்கமிருந்து வருபவர்களுக்குச் சாலையை ஒட்டி யாத்ரீகர்களுக்கென்றே நடைபாதை போட்ட பகுதிகள் உண்டு, அதை விட்டுவிட்டுத் தாரில் நடக்க வேண்டாம்.

நான் வேகமாக நடப்பேன், குழுவோடு போகிறேன். என் கணக்கா, குழுவின் கணக்கா?

குழுவின் கணக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், குழுவிலேயே மெதுவாக நடக்கும் அத்தையின் கணக்கு.

நான்கு பேருக்கு 10 நிமிடத்தில் முடிகிற டீ, இருபது பேருக்கு 25 நிமிடம். கழிப்பறைக்கு வரிசை, ஒருவர் சார்ஜரை மறந்தது, ஒருவர் பின்தங்கியது என்று சேர்ந்தால், பெரிய குழுவுக்கு நின்றதையும் சேர்த்து மணிக்கு 2.5 முதல் 2.8 கிலோமீட்டர் போட்டால் சரியாக வரும். தனி ஆளுக்கு 28 வரும் நாளில் குழுவுக்கு 23. பிள்ளைகள் இருந்தால் அவர்களை டெம்போவில் ஏற்றி இறக்கித்தான் கூட்டிப்போக வேண்டும்.

நேரம் மிச்சமாக ஒரு வழி: எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டியதில்லை, சேர்ந்து சாப்பிட்டால் போதும். டிபன் இடம், பகல் தங்கல், ராத்தங்கல் மூன்றையும் முதல் நாளே சொல்லிவிட்டு, நடுவில் இரண்டு மூன்று பேராக அவரவர் வேகத்தில் விட்டுவிடுங்கள். இருட்டில் மட்டும் சேர்ந்து போகட்டும். டெம்போ முன்னால் போய் நிற்க வேண்டும், பின்னால் ஊர்ந்து வரக் கூடாது.

காவடி எடுத்தால்?

தோளில் தூக்கி நடக்கும் சிறு காவடி என்றால் பத்தில் ஒரு பங்கு கழியுங்கள். மேளத்தோடு ஆடிப் போவது என்றால் அந்தப் பகுதிக்கு மணிக்கு 2 கிலோமீட்டர். ஊருக்குள் ஆட்டம், வெளியே நடை என்று பெரும்பாலும் பிரித்துக்கொள்வார்கள். செட்டிநாட்டு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிக் கிளம்பி, வழிவழியாக வந்த தங்கல் ஊர்களில் நின்று நின்றுதான் பழநி சேருகின்றன. 160 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வாரம். அங்கே எத்தனை நாள் என்பதைக் கால் முடிவு செய்வதில்லை, காவடி தங்கும் ஊர்கள் முடிவு செய்கின்றன. அவர்களில் பலர் திரும்பியும் நடக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து போகிறவர் தனிக் கணக்குப் போட வேண்டாம்.

முதுகுப் பை 5 கிலோவுக்கு மேல் போனால் அதற்கும் பத்தில் ஒரு பங்கு. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, போர்வை, தண்ணீர், மருந்து. அதற்கு மேலே இருப்பதெல்லாம் இரண்டாம் நாள் டெம்போவில் ஏறிவிடும்.

வழியெல்லாம் அன்னதானம் இருக்கிறதே, சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா?

அன்னதானம் இருப்பதால்தான் ஒதுக்க வேண்டும்! பூசத்துக்கு முந்தின வாரத்தில் பந்தல்கள் நெருக்கமாக வரும். கூப்பிட்டுக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள், மறுப்பது மரியாதை இல்லை. ஒரு பந்தலுக்கு 20 நிமிடம் என்றால் நாளுக்கு நாலு பந்தலில் ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல், அதாவது 4 கிலோமீட்டர் போச்சு. போதாக்குறைக்கு வெண்பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் நடை வராது. மோர், சுக்குக் காபி, வாழைப்பழம் மாதிரி நின்றபடி வாங்கிக்கொள்ளக்கூடியதை வாங்கிக்கொண்டு நகருங்கள். உட்கார்ந்து சாப்பிடுவது நாளுக்கு மூன்று வேளை போதும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை கிறுகிறுக்கும். உப்புப் போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ நாளுக்கு ஒரு முறையாவது. பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர்.

புது நான்குவழிச் சாலையில் போனால் தூரம் குறையுமா?

சில இடத்தில் குறையும், நேரம் குறையாது. புறவழிச் சாலை ஊரைச் சுற்றிப் போகிறது. நிழல் இல்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை, வண்டிகளின் வேகம் அதிகம். பழைய சாலை ஊருக்குள் புகுந்து வந்தாலும் மரமும் தண்ணீரும் பந்தலும் அங்கேதான். வேலை நடக்கும் பகுதியில் ஜல்லி கொட்டியிருந்தால் வெறுங்காலுக்கு மணிக்கு 2 கிலோமீட்டர் கூடத் தேறாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் யாராவது பைக்கில் ஒரு முறை போய்ப் பார்த்து வந்தால் நல்லது.

சண்முகநதி வந்துவிட்டால் முடிந்த மாதிரிதானே?

மலை தெரியும், மனம் பறக்கும், கணக்கு முடியாது. நதியில் குளியலுக்கு ஒரு மணி நேரம். அடிவாரம் வரை ஒரு மணி நேரம், கூட்டத்தில் ஒன்றரை. கிரிவலம் இரண்டரை கிலோமீட்டருக்குள், சாதாரண நாளில் 40 நிமிடம், பூச நாட்களில் அதைப் போல இரண்டு மடங்கு. முடிக் காணிக்கை இருந்தால் அதற்குத் தனி வரிசை. பிறகு ஏறத்தாழ 700 படிகள். நூறு கிலோமீட்டர் சமதளத்தில் நடந்த முட்டிக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம், யானைப்பாதை வழியாக இறங்கினால் கொஞ்சம் இதம்.

தரிசன வரிசையைக் கால் தீர்மானிக்காது, கூட்டம் தீர்மானிக்கும். பூசத்தன்றும் முந்தின நாளும் பல மணி நேரம் நிற்க நேரும். அதனால் சேர்கிற நாளையும் தரிசன நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

அப்படியென்றால் எந்தத் தேதியில் கிளம்புவது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். 2027-இல் தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. கூட்டத்துக்கு முன்னால் 20-ஆம் தேதி காலை தரிசனம் என்றால், 19 மாலை அடிவாரம் சேர வேண்டும். நம் கோவைக் கணக்குப்படி அது ஐந்தாம் நாள். எனவே முதல் நாள் ஜனவரி 15, பொங்கல் அன்றே! வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு மத்தியானம் கிளம்பலாம் என்றால் முதல் நாளில் காலை வேளை 16 கிலோமீட்டர் போய்விடும், மொத்தக் கணக்கும் ஒரு நாள் தள்ளும். மாட்டுப் பொங்கலன்று விடிகாலை கிளம்பினால் 20 மாலை சேர்ந்து, 21 காலை தரிசனம், அதாவது கூட்டத்தின் நட்டநடுவில்.

பூச நாளில்தான் பார்க்க வேண்டும் என்ற வேண்டுதல் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. பழநியில் இது பத்து நாள் திருவிழா. பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றம், ஏழாம் நாள் பூசமும் தேரும், பத்தாம் நாள் தெப்பம். பூசம் கழிந்த பின்னும் விழா இருக்கிறது. ஆனால் அப்போது வழியில் பந்தல்கள் பிரித்திருப்பார்கள், சாப்பாடும் தங்கலும் உங்கள் பொறுப்பு.

எந்தத் தேதியாக இருந்தாலும் கணக்கில் அரை நாள் உபரி வையுங்கள். ஒரு காய்ச்சல், ஒரு சுளுக்கு அதைத் தின்றுவிடும். தின்னாவிட்டால் மடத்துக்குளத்தில் ஒரு பகல் முழுக்கக் காலை நீட்டிப் படுக்கலாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. போகலாமா, எவ்வளவு கழிப்பது?

கிலோமீட்டர் கணக்குக்கு முன்னால் மருத்துவர். நாள் முழுக்க நடக்கும்போது அதே மாத்திரை, அதே இன்சுலின் அளவு சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம், அளவை அவர்தான் மாற்ற வேண்டும். மரத்துப்போன பாதத்தோடு வெறுங்காலில் போகவே வேண்டாம், முள் குத்தியதே தெரியாது. மெத்தென்ற ஷூ, தினம் மாற்றிய உலர்ந்த சாக்ஸ், ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. சட்டைப் பையில் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். நாளுக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் என்று வகுத்து நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நடுவில் முடியாமல் போனால்?

பஸ் ஏறுங்கள். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பழநிக்கு பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. இரண்டு மடங்கு வீங்கிய கணுக்காலோடு அடுத்த கல், அடுத்த கல் என்று இழுப்பவர்கள்தான் கடைசியில் ஆம்புலன்ஸில் போகிறார்கள். விட்ட தூரத்தை அடுத்த வருடம் அந்த இடத்திலிருந்து தொடங்கி நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதே கணக்கை வேளாங்கண்ணிக்கும் கதிர்காமத்துக்கும் போடலாமா?

வேளாங்கண்ணிக்குப் போடலாம், வெயிலை மட்டும் கூடக் கழியுங்கள். திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8-இல் முடிகிறது. சென்னையிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். தை மாதத்து 28 கிலோமீட்டர் ஆவணியில் 24-க்கு மேல் போகாது, உப்புக் காற்றின் புழுக்கத்தில் வேட்டி காயவே காயாது. மழை வந்தால் ஊறிய பாதத்தில் கொப்புளம் முதல் நாளே எழும்பும். 13 முதல் 15 நாள் வையுங்கள்.

கதிர்காமத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கும் அந்த யாத்திரை ஒரு மாதத்துக்கும் மேல். வழியில் கோயில் கோயிலாகத் தங்குவார்கள். உகந்தை முருகன் கோயில் தாண்டினால் குமண, யால காடுகள். ஆடி வேல் விழாவை ஒட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அந்தக் காட்டுப் பாதையைத் திறந்துவிடுகிறார்கள். அந்த வருடம் எந்தத் தேதியில் திறக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அன்றைக்கு உகந்தையில் நிற்கும்படி பின்னோக்கி எண்ண வேண்டும். முன்னால் போய்ச் சேர்ந்தால் கோயிலில் காத்திருக்கலாம். பிந்திப் போனால் காடு மூடியிருக்கும், மிச்சத் தூரம் பஸ்ஸில்தான்.